திருகோணமலை எண்ணெய்க் குதங்களும் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய விரிவாக்கமும்

அரசுக்குச் சொந்தமான எண்ணெய் நிறுவனமொன்று தனது நாட்டு எல்லையைத் தாண்டி அயல்நாடொன்றில் கால்பதிக்கும்போது அதனை வெறும் வர்த்தக முயற்சியாக மாத்திரம் நோக்கிவிட முடியாது. தனியார் கம்பனியின் பங்குதாரர் இலாபத்தையே எதிர்பார்ப்பார். அரச நிறுவனத்தின் பங்குதாரரோ ஓர் அரசாங்கம். அந்த அரசாங்கத்திற்கு இலாபத்துடன் வெளிநாட்டுக் கொள்கையும் பாதுகாப்புக் கணக்குகளும் உண்டு. இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனம் இலங்கையில் காலூன்றிய வரலாறு இதற்கு நமது கண்முன்னே உள்ள சான்றாகும்.

1959இல் ஆரம்பிக்கப்பட்ட இந்திய எண்ணெய் நிறுவனம், 1964இல் மற்றுமோர் அரச நிறுவனமான இந்திய சுத்திகரிப்பு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு இன்றைய கூட்டுத்தாபனமாக உருப்பெற்றது. கடல்வழியற்ற நேபாளத்திற்கு அது 1974 முதல் எரிபொருள் வழங்கி வருகின்றது. 2001இல் மொரிஷியஸிலும் 2002இல் இலங்கையிலும் அதன் துணை நிறுவனங்கள் பதிவு செய்யப்பட்டன. ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை நேபாள மக்கள் 2015இல் உணர்ந்தனர். எல்லையில் பாரவூர்திகள் தடைப்பட்டு நின்ற அந்த மாதங்களில் சமையல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் அவர்கள் பட்ட துயரம் சிறிதல்ல. அதே நேபாளத்திற்கு 2019இல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீற்றர் நீளமான எண்ணெய்க் குழாய்ப்பாதை திறக்கப்பட்டபோது போக்குவரத்துச் செலவு குறைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. நன்மையும் தங்கியிருத்தலும் ஒரே குழாயின் வழியாகவே வந்து சேருகின்றன.

இலங்கையைப் பொறுத்தவரையில் அந்நிய எண்ணெய் நிறுவனங்களுடனான உறவு புதியதல்ல. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய நிறுவனங்களின் சொத்துகளைச் சுவீகரித்தது. இழப்பீடு வழங்கப்படவில்லை எனக் கூறி அமெரிக்கா 1963 பெப்ரவரியில் தனது உதவிகளை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறி இழப்பீட்டு இணக்கம் ஏற்பட்ட பின்னரே அவ்வுதவி மீண்டது. 1964இன் தொடக்கத்தில் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகம் முழுமை பெற்றது. 1969இல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

நான்கு தசாப்தங்கள் நீடித்த அந்த ஏகபோகம் 2003இல் முடிவுக்கு வந்தது. கூட்டுத்தாபனத்தின் ஏறத்தாழ 100 எரிபொருள் நிரப்பு நிலையங்கள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திற்கு வழங்கப்பட்டன. களஞ்சிய முனைய நிறுவனத்தின் மூன்றிலொரு பங்கும் அதற்கு விற்கப்பட்டது. சந்தையில் மூன்று நிறுவனங்கள் போட்டியிடும் என்று அன்று கூறப்பட்ட போதிலும் மூன்றாவது நிறுவனம் வரவேயில்லை. 2004 டிசம்பரில் லங்கா ஐ.ஓ.சி. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. எனினும் நான்கில் மூன்று பங்கு தாய் நிறுவனத்தின் கையிலேயே இருக்கின்றது.

நிரப்பு நிலையங்களை விடவும் முக்கியமானவை திருகோணமலையின் சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களாகும். பிரித்தானியர் தமது கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அமைக்கத் தொடங்கிய இக்குதங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளளவு உடையவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நடத்திய தாக்குதலில் ஒரு குதம் எரிந்து அழிந்தது. இன்று 99 குதங்கள் எஞ்சியுள்ளன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் அருகே இத்தகைய களஞ்சிய வசதி இருப்பது வல்லரசுகளின் கண்ணில் படாமல் இருக்குமா?

1987 ஜூலை 29ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை இன்றும் இனப்பிரச்சினைத் தீர்வுடனும் மாகாண சபைகளுடனும் மாத்திரமே பலர் நினைவுகூருகின்றனர். ஆனால் அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், குதங்களைப் புனரமைத்து இயக்கும் பணி இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக அமையும் என்றும் திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்குப் பாதகமான இராணுவப் பயன்பாட்டிற்கு வழங்கப்படமாட்டாது என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது. தமிழ் மக்களின் அரசியல் உரிமையும் எண்ணெய்க் களஞ்சியமும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்பட்டன என்பதே இதன் பொருள். குதங்கள் பற்றிய இணக்கம் 2003இல் 35 ஆண்டுக் குத்தகை ஏற்பாடாக வடிவம் பெற்றது. அதிகாரப் பகிர்வு பற்றிய இணக்கம் எந்த நிலையில் உள்ளது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் குத்தகை ஏற்பாட்டின் பின்னரும் கீழ்த்தொகுதிக் குதங்களே பயன்பாட்டிற்கு வந்தன. பெரும்பான்மையான குதங்களைக் கொண்ட மேல்தொகுதி காடு மண்டியே கிடந்தது. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை செய்யப்பட்டது. அதன்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும் 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும் உரியவை. எஞ்சிய 61 குதங்கள் கூட்டு நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. அதில் கூட்டுத்தாபனத்திற்கு 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 வீதமும் உண்டு. குத்தகைக் காலம் 50 ஆண்டுகளாகும்.

அடுத்து வந்த மாதங்கள் எவரும் மறக்கக்கூடியவையல்ல. அந்நியச் செலாவணி வற்றியதால் கப்பல்களுக்குப் பணம் செலுத்த வழியின்றி 2022 ஜூன் இறுதியில் கூட்டுத்தாபனம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் வழங்குவதாக அறிவித்தது. இந்தியா வழங்கிய 500 மில்லியன் டொலர் எரிபொருள் கடனுதவியும் தீர்ந்துவிட்ட அவ்வேளையில் பொதுமக்களுக்குப் பெற்றோல் கிடைத்தது லங்கா ஐ.ஓ.சி.யின் நிலையங்களிலேயே. அந்நிய நிறுவனத்தின் வருகையை எதிர்த்தவர்களும் அவ்வரிசைகளில் நின்றனர். அந்த உதவியை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். அதேவேளை, நமது நிறுவனம் முடங்கியமையாலேயே அடுத்தவர் நிறுவனம் இன்றியமையாததாயிற்று என்ற உண்மையையும் மறந்துவிடலாகாது.

நெருக்கடிக்குப் பின்னர் சந்தை மேலும் திறக்கப்பட்டது. சீன அரச நிறுவனமான சினோபெக் 2023இல் எரிபொருள் விற்பனையை ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டொலர் செலவில் நாளொன்றுக்கு 2 இலட்சம் பீப்பாய் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையத்தை அமைக்கும் உடன்பாட்டில் அது கைச்சாத்திட்டது. மூன்று மாதங்களின் பின்னர், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பு வந்திருந்தபோது, திருகோணமலையை வலுசக்தி மையமாக அபிவிருத்தி செய்வதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியன புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. தெற்கே ஓர் அரசின் நிறுவனம், கிழக்கே மற்றோர் அரசின் நிறுவனம் என நாட்டின் எரிபொருள் வரைபடம் வரையப்பட்டு வருகின்றது.

இப்போட்டியில் சாதாரண மக்களின் இடம் எது என்பதே நமது கேள்வி. கிண்ணியாவிலும் மூதூரிலும் குருநகரிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடலுக்குச் செல்லும் மீனவர், உலகச் சந்தை விலையின் சுமையை நேரடியாகத் தாங்குபவர். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது அவரது தொழில் ஆட்டம் கண்டது. அதற்கு முந்திய மானிய விலையின் நட்டத்தைச் சுமந்தது பெற்றோலியக் கூட்டுத்தாபனமே. இலாபத்திற்குப் பதில்சொல்ல வேண்டிய வெளிநாட்டு நிறுவனம் எதுவும் அச்சுமையைத் தானாக ஏற்கப் போவதில்லை. அதனைக் குறையாகவும் கூற முடியாது.

எனவே அந்நிய நிறுவனம் வரலாமா கூடாதா என்ற விவாதத்தை விட, எந்த நிபந்தனையில் வரலாம் என்ற கேள்வியே பயனுள்ளது. உடன்படிக்கைகள் கைச்சாத்தாகுமுன் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட வேண்டும். அவை மூன்று மொழிகளிலும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். கூட்டுத்தாபனம் அரசியல் நியமனங்களிலிருந்தும் தீராக் கடனிலிருந்தும் விடுவிக்கப்பட வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் திருகோணமலை மாவட்டத்தில் காணி, மீன்பிடி, வேலைவாய்ப்பு ஆகியவற்றின் மீது இத்திட்டங்கள் ஏற்படுத்தும் தாக்கம் குறித்து அம்மக்களின் கருத்து கேட்கப்பட வேண்டும். 1987இலும் 2003இலும் 2022இலும் கொழும்பும் புதுடில்லியும் பேசிக்கொண்டன. திருகோணமலை பேச அழைக்கப்படவில்லை. 50 ஆண்டுக் குத்தகையின் விளைவுகளோடு வாழப்போகிறவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகளே என்பதை ஆட்சியாளர்கள் உணர்தல் வேண்டும்.