பள்ளிகள் மூடின, பாடம் நிற்கவில்லை

ஈசூன் அடுக்குமாடி வீடு ஒன்றில் பாட்டி தமிழில் கேட்கிறார். பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். இந்தக் காட்சி நம்மில் பலருக்குப் புதிதல்ல. தமிழ் பேசாத பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ் கற்பிப்பது எப்படி? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ரப்பர், அன்னாசி வணிகர் லிம் நீ சூனின் பெயரே மாண்டரின் ஒலிப்பில் ‘ஈசூன்’ ஆனது. அருகிலேயே செம்பவாங் கடற்படைத் தளம். தோட்டங்களிலும் தளத்திலும் தமிழர்கள் உழைத்தார்கள். 1968இல் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக அறிவித்தது. வேலை இழந்த பலர் ஊர் திரும்பினர். எஞ்சிய குடும்பங்கள் தீவெங்கும் எழுந்த வீவக வீடுகளில் பரவின. தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் குறைந்தனர். ஆங்கிலம் படித்தால்தான் வேலை கிடைக்கும் என்ற பெற்றோரின் கவலையும் சேர்ந்துகொண்டது. அந்தக் கவலையைக் குறை சொல்லவும் முடியாது.

கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்வழிக் கல்வியின் கடைசிக் கோட்டையாக நின்ற அதுவும் 1982இல் மூடப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டே அதே பெயரில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் உருவானது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து படித்தனர். சிராங்கூன் சாலைக்கு அருகே பீட்டி சாலையில் அது இன்றும் இயங்குகிறது.

1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலவழிக்கு மாறின. தமிழ் இரண்டாம் மொழிப் பாடமாக நிலைத்தது. அன்றுதான் ஆசிரியரின் பணியே மாறியது. பழைய தமிழ்ப் பள்ளியில் பிள்ளை தமிழோடு வகுப்புக்கு வந்தது. இப்போதோ சில பிள்ளைகள் தமிழைச் சந்திப்பதே வகுப்பில்தான். மனப்பாடமும் கட்டுரையும் மட்டும் இவர்களைப் பேச வைக்காது. தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005இல் இதை உணர்ந்து, வகுப்பில் பேச்சுத்தமிழுக்கும் இடம் தரப் பரிந்துரைத்தது. ‘எழுத்துத்தமிழ்தான் தமிழ்’ என்று பழகிய ஆசிரியர்களுக்கு அது எளிதான மாற்றமல்ல.

1995ஆம் ஆண்டின் அனைத்துலகக் கணித ஆய்வில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அதன்பின் அமெரிக்கப் பள்ளிகள் பல நம் கணிதப் பாடநூல்களைத் தேடி வாங்கின. ஆனால் நூலை வாங்கலாம். அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியரை வாங்க முடியாது. ஆசிரியரைப் பயிற்றுவித்து உருவாக்க வேண்டும். அவருக்கு நேரமும் ஊக்கமும் தரும் பள்ளி முதல்வரும் வேண்டும். கணிதத்துக்குப் பொருந்தும் இந்த உண்மை தமிழுக்கும் பொருந்தும். 2002இல் தொடங்கிய நல்லாசிரியர் விருதின் உட்பொருளும் இதுதான்.

வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர் இந்தியர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 43 விழுக்காடு. 2020இல் 28 விழுக்காடு அளவே. வீட்டில் தமிழ் குறையக் குறைய, வகுப்பாசிரியரின் சுமை கூடுகிறது. அந்தச் சுமையை அவர் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமா? ஈசூன் பாட்டி கேட்ட கேள்விக்கு, இன்றிரவு பேரன் ஒரு வரியாவது தமிழில் பதில் சொல்லட்டும். நாளை வகுப்பில் ஆசிரியருக்கு அந்த ஒரு வரியே பெரிய துணை.