அம்பலம் வீட்டில் இல்லை

மேலூருக்குக் கிழக்கே ஏதாவது ஒரு கிராமத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அம்பலம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றுகிறவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "இருக்கு இல்லங்க, இருக்காக. வயலுக்குப் போயிருக்காக, வந்துருவாக" என்பார். இதே கேள்வியைப் பாலக்காட்டில் கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள். இலங்கையில் குருநாகல் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் 'அம்பலம' எங்கே என்றால், வழிப்போக்கர் இளைப்பாறுவதற்காகக் கட்டிய பழைய ஓட்டுக்கூரை மண்டபத்துக்குக் கைகாட்டுவார்கள். சொல் ஒன்றுதான். மதுரைச் சீமையில் மட்டும் அது எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஓர் ஆளாக நடந்து போயிருக்கிறது.

இந்தச் சொல்லின் பின்னால் நான் அலையக் காரணம் என் அண்ணன் மகள். மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. படிக்கிறாள். "சித்தப்பா, எங்களுக்குத் தலைமைத்துவம்னு ஒரு பேப்பர். எல்லாத் தியரியும் படிச்சுட்டு, கடைசியில நம்ம சொந்தத் தலைமைத் தத்துவம் என்னன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கணுமாம். எனக்கு அப்பிடி ஒண்ணு இருக்கிற மாதிரியே தெரியலை" என்றாள்.

எனக்கு முதலில் முழித்துக்கொண்டது வாத்தியார் புத்திதான். 'தலைமை' என்றாலே பண்புப்பெயர். 'மை' ஈறு அந்த வேலையை முடித்துவிட்டது. அதற்குமேல் 'துவம்' ஒன்றைச் சேர்ப்பது வேட்டிக்கு மேலே பேன்ட் மாட்டியதுபோல. ஆனால் இலங்கைத் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்ட சொல். இப்போது நம் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது. சண்டைக்குப் போகாமல் அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன்.

முதலில் தாமஸ் கார்லைல். 1840-இல் லண்டனில் வீரர்களைப் பற்றித் தொடர்ச் சொற்பொழிவு ஆற்றியவர். மாமனிதர்கள் பிறக்கிறார்கள், வரலாறு அவர்கள் பின்னால் வருகிறது என்பது அவர் கட்சி. அப்புறம் கர்ட் லெவின். அவரும் லிப்பிட், ஒயிட் என்ற இருவரும் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுப் பையன்களைக் குழு பிரித்து, முகமூடி செய்வதுபோன்ற கைவேலைகளில் விட்டு, 1939-இல் வெளியிட்ட ஆய்வு. அதட்டி வேலை வாங்கும் தலைவர், கலந்து பேசும் தலைவர், கண்டுகொள்ளாத தலைவர் என்று ஆள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதட்டுகிறவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசுகிறவர் போனபிறகும் பையன்கள் செய்துகொண்டிருந்தார்கள். இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் எதற்கு, கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் கட்டட வேலையைப் பார்த்தால் போதும் என்றேன். அவள் சிரிக்கவில்லை, பரீட்சைக்கு வரும் பகுதியாம்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, தலைவனுக்கு நாம் என்னென்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது. பெயர் வைக்கிறபோது ஒரு ஊர் தன்னை அறியாமல் ஒரு கோட்பாட்டைச் சொல்லிவிடுகிறது.

'தலைவன்' உடம்பிலிருந்து வந்தவன். மேலே இருப்பது தலை, கார்லைலுக்குப் பிடித்திருக்கும். மடையிலும் அப்படியே: தலைமடைக்காரனுக்கு முதல் தண்ணீர், கடைமடைக்காரனுக்கு மிச்சம். பெரியாற்றுக் கால்வாயை நம்பி நாற்று விட்டவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 'நாயகன்' வடமொழி. 'நீ' என்ற வினையடிக்கு அழைத்துச் செல்லுதல் என்று பொருள். நீதி, நயம், விநாயகர் எல்லாம் அந்தக் கொடியில் காய்த்தவை. அதுவே தெலுங்கு வழியாக 'நாயக்கர்' ஆகி, 1529 வாக்கில் விசுவநாதரோடு மதுரை அரியணை ஏறியது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் இன்னும் சாய்ந்து நிற்கிறது. மணியக்காரரும் கர்ணமும் அரசாங்கம் வைத்த பெயர்கள். 1980-இல் அரசாங்கமே ஒழித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்து வைத்தது. 'அம்பலம்' அரசாணையில் வந்த பெயர் இல்லை. அதனால் அரசாணையில் போகவும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி அம்பலத்துக்குத் தரும் பொருள்களில் முதலில் நிற்பது இடம்: பலர் கூடும் வெளி. பிறகு அவை, கோயில் மண்டபம், வெளிப்படை. அம்பரம் என்ற வடசொல்லுக்கு வானம் என்று பொருள். அதன் திரிபுதான் இது என்பார் ஒரு சாரார். அப்படியில்லை, சிற்றம்பலம் என்ற தமிழ்ப்பெயரைத்தான் சிதம்பரம் என்று மாற்றினார்கள் என்பார் மறுசாரார். நான் இரண்டாவது கட்சி. வானத்திலிருந்து ஊர்ப்பொதுவுக்கு ஒரு சொல் இறங்குவதைவிட, ஊர்ப்பொதுவிலிருந்து ஒரு சொல் வானத்துக்கு ஏறுவது எளிது.

மதுரைக்கு இந்தச் சொல் புதிதல்ல. மீனாட்சியம்மன் கோயிலில் நடராசர் கால் மாறி ஆடுகிற இடம் வெள்ளியம்பலம். மற்ற ஊர்களில் இடக்காலைத் தூக்குகிறவர் இங்கே வலக்காலைத் தூக்கி நிற்கிறார். சிலப்பதிகாரப் பதிகத்தில் சாத்தனார், கோவலன் கதையின் முன்வினையை மதுராபதித் தெய்வம் சொல்லக் கேட்டது, நள்ளிருளில் இந்த வெள்ளியம்பலத்தில் படுத்துக் கிடந்தபோதுதான். வெளியூர்க்காரர் ஒருவர் யாரையும் கேட்காமல் வந்து படுத்துவிடக்கூடிய இடம் என்பதைக் கவனியுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில், அம்பலத்துக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் வார்க்கிற ஆளுக்கென்று நிலம் விட்ட செய்தி வருகிறது. சிங்கள அம்பலமவிலும் வழிப்போக்கருக்காக ஒரு தண்ணீர்ப் பானை இருக்கும்.

அண்ணன் மகள் குறிப்பேட்டில் ராபர்ட் கிரீன்லீஃப் என்று ஒருவர். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, 1970-இல் சிறு கட்டுரை எழுதினார்: நல்ல தலைவன் முதலில் ஊழியன், தலைமை பிறகு வருவது என்று. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல் ஒன்றில் பயணக் கூட்டத்துக்கு மூட்டை தூக்குகிற லியோதான் கடைசியில் தலைவன் என்று தெரியவரும். அதைப் படித்தபோது வந்த யோசனையாம். "தண்ணி ஊத்துறவருக்கு நிலம் விட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுதானா இது?" என்றாள். பாதி அதுதான். நிலம் விட்டவர் பெயர் கல்லில் இருக்கிறது, தண்ணீர் ஊற்றியவர் பெயர் இல்லை.

சரி, இடம் எப்படி ஆளானது? அம்பலத்தில் உட்கார்ந்து ஊர்வழக்கைத் தீர்க்கிறவர் அம்பலக்காரர். நாளடைவில் 'காரர்' உதிர்ந்துவிட்டது. 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் குலங்கள் பற்றிய தொகுதிகளில் முதல் தொகுதியிலேயே அம்பலக்காரர் இடம்பெற்றுவிட்டார். அதற்குள் அது பதவிப் பெயராகவும் சாதிப் பட்டமாகவும் இரண்டு பக்கமும் கிளைத்திருந்தது. மேலூர்ப் பக்கத்துக் கள்ளர் நாடுகளில், அதாவது பல ஊர் சேர்ந்த வட்டாரங்களில், இன்றைக்கும் திருவிழா மரியாதையில் அம்பலங்களின் வரிசை மாறினால் தேர் நகராது.

இடத்தின் பெயர் ஆளுக்கு வருவது உலகத்தில் வேறெங்கும் இல்லாததும் அல்ல. எகிப்தின் பாரோ என்ற சொல்லுக்குப் 'பெரிய வீடு' என்று பொருள். அரண்மனையின் பெயர் அரசன்மேல் ஏறிவிட்டது. ஜப்பானியப் பேரரசரைக் குறித்த மிகாடோ, மரியாதைக்குரிய வாசல். நாமும் "கலெக்டர் ஆபீஸ் ஒத்துக்கலை" என்கிறோம், கட்டடமா ஒத்துக்கொள்ளவில்லை? வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே வீடும் வாசலும். இங்கே வாசலே இல்லாத வெளி. மதுரையில் இதற்கு நேர் எதிர்த்திசையில் போன பெயரும் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் காந்தி இடுப்புத் துணிக்கு மாறினார்; அந்தக் கோலத்தில் முதன்முதலாக மக்கள்முன் நின்ற காமராசர் சாலை வெளிக்கு இன்றைக்குப் பெயர் காந்தி பொட்டல். அங்கே ஆளின் பெயரை இடம் எடுத்துக்கொண்டது. மேலூரில் இடத்தின் பெயரை ஆள் எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டதால் இடம் பெயரில்லாமல் போயிற்று. இன்றைக்கு எங்கள் பக்கத்து ஊர்ப்பொது வெளிக்குப் பெயர் மந்தை, மாடுகள் கூடுமிடம். கூரை இருந்தால் சாவடி. அம்பலம் என்று அதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் "அம்பலமா, வீட்டில இல்லையே" என்றுதான் பதில் வரும்.

போன கோடையில் அண்ணன் மகளை ஒரு கண்மாய் மீன்பிடிக்கு அழைத்துப் போனேன். விடிகிறபோதே கரை நிறைய ஆட்கள்: கச்சா வலை, ஊத்தா, சாக்கு, ஒன்றுமில்லாதவர்கள் கையில் பழைய கொசுவலை. முழங்கால் அளவு தண்ணீர். விரால் துள்ளுவது கரையிலிருந்தே தெரிகிறது. ஒருவரும் இறங்கவில்லை. அம்பலம் மடைக்கல்மேல் ஏறி, சாமியைக் கும்பிட்டு, தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து ஒரு வீசு வீசினார். அவ்வளவுதான். கரை முழுக்கத் தண்ணீருக்குள் சரிந்தது. அதற்கப்புறம் அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குக் குழம்புதான். "அவருக்கு என்ன பவர் இருக்கு சித்தப்பா?" என்று கேட்டாள். துண்டு இறங்கும்வரை ஐந்நூறு பேர் காலைத் தரையில் ஊன்றி நிற்கிறார்களே, அதுதான் என்றேன். துண்டு இறங்கியபிறகு ஒன்றும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் இனிக்கும். ஆனால் இதே சொல்லை வைத்து நம் பாட்டிமார் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஏழை சொல் அம்பலம் ஏறாது. 'போகாது' என்று சொல்லவில்லை, 'ஏறாது' என்கிறார்கள். அப்படியானால் அம்பலத்துக்கு ஒரு மேடு இருக்கிறது. மேட்டுக்குக் கீழே யாரோ நிற்கிறார்கள். வெள்ளலூர் நாட்டின் தெய்வத்துக்கு ஏழைகாத்த அம்மன் என்று பெயர். அம்பலம் ஏறாத சொல் அம்மனிடம் போயிருக்க வேண்டும்.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தார் கக்கன். பட்டியல் சாதிக்காரர்; எந்த நாட்டு அம்பல வரிசையிலும் அவருக்கு இடம் கிடையாது. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயரோடு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த சிறு கூட்டத்தில் அவர் ஒருவர். வெள்ளியம்பலம் இருக்கிற கோயில். பேரிலேயே பொது என்று எழுதி வைத்துவிட்டு, ஊரில் பாதியை வெளியே நிறுத்தியிருந்த கோயில். 1957-இல் பொதுப்பணித்துறை அமைச்சரானார். 1959-இல் வைகை அணை திறந்தது அவர் காலத்தில். பதவியெல்லாம் போனபின் அதே மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தார். பொது என்ற சொல்லைக் கக்கன் அளவுக்குச் சொற்பொருளில் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

1994-இல் வந்த ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு கிராமங்களில் இன்னொரு பெயர் வலுப்பெற்றது: ஊராட்சி மன்றத் தலைவர். மன்றம் என்றாலும் அம்பலம்தான்; பழந்தமிழில் ஊர் நடுவே மரத்தடியில் கூடுகிற வெளி. ஆக ஒரே ஊரில் பழைய அம்பலமும் புதிய அம்பலமும். 1996 தேர்தலில் மேலூர் வட்டத்து மேலவளவு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புக்கும் வன்முறைக்கும் நடுவே முருகேசன் தலைவராக வென்றார். 1997 ஜூன் 30-ஆம் தேதி மதுரையிலிருந்து ஊர் திரும்பும்போது, ஓடும் பேருந்தை மறித்து அவரையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் இதேபோல ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருடம் பெரும்பாலும் தேர்தலே நடக்கவில்லை. நடந்தாலும் வென்றவர் பதவி ஏற்ற சூட்டோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். 2006 அக்டோபரில்தான் அந்த நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்து நிலைத்தார்கள். பாரோவின் வீட்டுக்காவது வாசல் உண்டு, எங்கே நிறுத்துவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். வாசலில்லாத வெளியில் எங்கே நிறுத்துவார்கள் என்பது நிறுத்தப்படுகிறவனுக்குத்தான் தெரியும்.

செய்தித்தாளில் 'மோசடி அம்பலம்' என்று தலைப்புப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு நொடி திடுக்கிடுவதுண்டு. அகராதி தரும் பொருள்களில் ஒன்று அது: வெளிப்படை. அம்பலத்துக்கு வந்துவிட்ட சங்கதியை மூடி வைக்க முடியாது. அந்தப் பெயரையே தாங்கித் திரிகிறவருக்கும் அதே கதிதான். அவர் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு எந்தப் பந்தியில் இலை போட்டார்கள் என்பதுவரை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். மதுரைச் சொல்லில் எனக்குப் பிடித்த பொருள் இதுதான் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். ஏழையின் சொல் தன் ஊரில் அம்பலம் ஏறியதா என்பதையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

போன வாரம் தாள் திரும்பி வந்தது. பத்துக்கு ஆறு. ஒரு பக்கக் கட்டுரையில் நாலு இடத்தில் 'அம்பலம்' என்று எழுதியிருந்தாள். நாலையும் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டு, முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் கேட்டிருந்தார்: 'என்ன அம்பலமானது?'