ஒரு குளிர்காலத்தின் சாட்சி

கடுங்குளிர் வாட்டும் காலைப்பொழுதில், "பூமி சூடாகிறது என்கிறார்களே, அந்தச் சூடு எங்கே போயிற்று?" என்று எவரேனும் கேட்டால் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். கேள்வி வேடிக்கையானதுதான், ஆயினும் தள்ளிவிடத் தக்கதன்று. நம் உடல் உணர்வதை நாம் நம்புகிறோம். அறிஞர் கணக்கிட்டுச் சொல்வதை ஐயுறுகிறோம். இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஒரு மனிதரின் வரலாறு இக்கேள்விக்குத் தக்க விடை தருகிறது.

அவர் பெயர் கை ஸ்டூவர்ட் காலண்டர். 1898-இல் கனடாவின் மொன்றியால் நகரில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். தொழிலால் நீராவிப் பொறியாளர். வானிலை ஆய்வோ அவருக்கு ஓய்வுநேரப் பணி. உலகின் பல பகுதிகளிலிருந்த 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, கணிப்பொறி இல்லாத அந்நாளில் கையாலேயே கணக்கிட்டார். முந்தைய 50 ஆண்டுகளில் நிலப்பரப்பின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.3 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது என்றும், எரிபொருள்களால் பெருகும் கரியமில வாயு அதற்குக் காரணமாகலாம் என்றும் 1938-இல் இங்கிலாந்தின் அரச வானிலையியல் கழகத்தில் எடுத்துரைத்தார். வல்லுநர்கள் கேட்டார்கள், பெரும்பாலோர் ஏற்கவில்லை. காலண்டரும் இவ்வெப்பத்தைத் தீமையாகக் கருதவில்லை. வடபுல வேளாண்மைக்கு அது நன்மையே செய்யும் என எண்ணினார்.

அவர் கூறி முடித்த மறு ஆண்டே இயற்கை எதிர்ச்சாட்சி சொல்ல எழுந்ததுபோல் தோன்றியது. 1939 தொடங்கி அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்கள் ஐரோப்பாவை உறையவைத்தன. 1941-இன் இறுதியில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படையினர் பலர் அக்குளிரில் மடிந்தனர். பின்னர் 1962 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் தொடங்கிய பனிப்பொழிவு மார்ச் மாதம்வரை பல இடங்களில் உருகாமல் கிடந்தது. கென்ட் கடற்கரையில் கடல்நீரே உறைந்தது. மத்திய இங்கிலாந்தில் அக்குளிர்காலத்தின் சராசரி வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 0.3 டிகிரி; 1740-க்குப் பின் அத்தகைய குளிரை அந்நாடு கண்டதில்லை. 1964-இல் காலண்டர் காலமானபோது, அவருடைய கொள்கை பொய்த்துவிட்டது என்று எவரேனும் நினைத்திருந்தால் அவர்களைக் குறைகூற இயலாது.

ஆனால் அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு முனை கிரீன்லாந்தில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அங்குப் பணியாற்றிய டென்மார்க் நாட்டு மறைபோதகர் ஹன்ஸ் எகெதே சாபி, டென்மார்க்கில் குளிர் கடுமையாகும் ஆண்டுகளில் கிரீன்லாந்தில் அது தணிந்திருப்பதையும், அங்கே தணியும்போது இங்கே கடுமையாவதையும் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். மறுமுனையைக் கண்டவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர். 1899-இல் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் நேர்ந்ததை நாம் அறிவோம். மழையை முன்கூட்டியே அறிய வழி தேடிய அவர், உலகெங்கும் பதிவான காற்றழுத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கையில், வட அட்லாண்டிக் கடல்மீது ஊஞ்சல்போல ஏறியிறங்கும் ஓர் அழுத்த மாற்றத்தையும் இனங்கண்டு அதற்குப் பெயரிட்டார்.

வழக்கமாக ஐஸ்லாந்தின் அருகே காற்றழுத்தம் தாழ்ந்தும், தெற்கே அசோர்ஸ் தீவுகளின் அருகே உயர்ந்தும் இருக்கும். இவ்வேறுபாடே கடலின் இளஞ்சூட்டை ஏந்திய மேல்காற்றை ஐரோப்பாவுக்குள் செலுத்துகிறது. வேறுபாடு குன்றினால் அக்காற்று தளர்கிறது. கிழக்கிலும் வடக்கிலும் தேங்கியிருந்த குளிர்க்காற்று உள்ளே புகுகிறது. 1963-இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது இதுவே. இங்கிலாந்து நடுங்கிய அதே நாட்களில் மேற்குக் கிரீன்லாந்தின் குளிர் தணிந்திருந்தது. ஆக, ஓரிடத்துக் கடுங்குளிர் பூமி இழந்த வெப்பத்தின் அளவன்று. பெரும்பாலும், காற்று அவ்வெப்பத்தை இடம் மாற்றிப் பங்கிட்டதன் விளைவே.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1940-களிலிருந்து 1970-கள்வரை உலகின் வெப்ப உயர்வே சற்று நின்றிருந்தது. ஆலைப் புகையின் கந்தகத் துகள்கள் கதிரவன் ஒளியை ஓரளவு மறைத்ததே இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பது பின்னர் விளங்கிற்று. வெப்பத்தைக் கூட்டும் வாயுவும், அதைச் சிறிதுகாலம் மறைத்த திரையும் ஒரே நிலக்கரியிலிருந்து எழுந்தவை!

2010 டிசம்பரில் பழைய காட்சி மீண்டும் அரங்கேறியது. மத்திய இங்கிலாந்தில் 1890-க்குப் பின் காணாத அளவுக்கு அம்மாதம் குளிர்ந்தது. ஆயினும், உலக முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அதுவரை பதிவான மிக வெப்பமான ஆண்டுகளுள் ஒன்றாக 2010 நின்றது. கடலோரத்தார் நன்கறிவர்: ஏற்றத்தின்போதும் ஒவ்வோர் அலையும் பின்வாங்கத்தான் செய்கிறது. பின்வாங்கும் அலையைப் பார்த்துக் கடல் வற்றுகிறதென எவரும் வலையை மணலில் விட்டுச் செல்வதில்லை.

காலண்டரின் ஆய்வுக்கு 75 ஆண்டுகள் நிறைந்த 2013-இல் எட் ஹாக்கின்ஸ், பில் ஜோன்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அவருடைய கணக்கை இன்றைய பதிவுகளோடு ஒப்பிட்டனர். அவை வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. அவர் கண்ட 0.3 டிகிரி எங்கே, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 1.5 டிகிரி உயர்ந்துவிட்ட 2024 எங்கே! நன்மை தருமென அவர் எண்ணிய வெப்பம், அதை மூட்டாத எளியோரின் வயலையும் குடிசையையும் முதலில் தாக்குகிறது.

கடுங்குளிரைச் சுட்டிக்காட்டி இவ்வுண்மையை எள்ளுவோரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபர் 4 அன்று வெளியிட்ட 'லௌதாத்தே தேயும்' மடலிலேயே குறிப்பிட்டார். எள்ளுவோர் வேறு யாரோ என நாம் ஒதுங்கிவிட வேண்டா. தன் முற்றத்தில் விழுந்த பனியை உலகின் தீர்ப்பாகக் கொள்ளும் அவசரம் நம் எல்லோரிடமும் உண்டு. நம் முற்றம் சொல்வது பொய்யன்று. அது ஒரு சாட்சி. 147 இடங்களின் சாட்சியத்தையும் பொறுமையாகக் கேட்டபின் பேசிய ஒரு பொறியாளரின் நேர்மையை நாமும் கற்றுக்கொண்டால் நன்று.