பெரிய நிறுவனங்களில் வேலையிடப் பாதுகாப்பு: தொழிலாளரின் எச்சரிக்கை மேலிடத்தை எட்ட வேண்டும்

மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்புக்கான முதன்மைச் சட்டம் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். ‘ஓஷா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தன. கடமை தவறும் முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆபத்தான வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளருக்குச் சட்டப்படி கிடைத்தது.

அபராதத் தொகை பலருக்குத் தெரிந்திருக்கிறது. விலகும் உரிமை அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பெரிய நிறுவனங்களில் இந்த இரண்டாவது அம்சமே முக்கியமானது. அங்கு ஆபத்தை முதலில் காண்பவர் இயந்திரத்தின் முன் நிற்பவர். அதைச் சரிசெய்யப் பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவரோ பல படிகள் மேலே, பல வேளைகளில் வேறு ஊரில் உள்ள தலைமையகத்தில் இருக்கிறார். அந்தத் தகவல் தடையின்றி மேலே போவதைப் பொறுத்தே ஒரு பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பு அமைகிறது.

சட்டம் வந்த பாதை

1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டமே நீண்ட காலம் நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படையாக இருந்தது. இயந்திரத்துக்கு எத்தகைய தடுப்பு வேண்டும், கொதிகலனை யார் சோதிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அது வரையறுத்தது. விதியில் இல்லாத ஆபத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதில் தெளிவான விடை இல்லை.

1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் இருந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுற்றியிருந்த வீடுகளும் சேதமடைந்தன. வேலையிடப் பாதுகாப்பு நாட்டின் பெரிய பேச்சாக மாறியதற்கு இச்சம்பவம் ஒரு முக்கியக் காரணம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஓஷா சட்டம் வந்தது.

ஆபத்தை உருவாக்குபவரும் அந்த ஆபத்தோடு வேலை செய்பவரும் சேர்ந்தே அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது புதிய சட்டத்தின் அடிப்படை. பிரிட்டனில் 1972ஆம் ஆண்டு வெளியான ரோபன்ஸ் குழு அறிக்கை முன்வைத்த கருத்து இது. ஆகவே, விதியில் எழுதியிருந்தால்தான் செய்வேன் என்று முதலாளி சொல்ல முடியாது. நடைமுறைக்கு இயன்ற வரை தொழிலாளரின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் உறுதி செய்வது அவருடைய பொதுக் கடமை.

2024இல் மாறியவை

திருத்தத்துக்கு முன் ஓஷா குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டுமே பொருந்தியது. இப்போது வீட்டு வேலை, ராணுவம், தனிச் சட்டத்தின் கீழ் வரும் கப்பல் வேலை ஆகியவை நீங்கலாக நாட்டின் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். 1967ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து செய்யப்பட்டது.

வேலையிடத்தில் உள்ள ஆபத்துகளை மதிப்பீடு செய்வது முதலாளியின் கட்டாயக் கடமையாகியுள்ளது. வேலையைக் குத்தகைக்கு விடும் நிறுவனத்துக்கும் தனிக் கடமை வந்துள்ளது. தன் வழிகாட்டுதலின் கீழ் வேலை செய்யும் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர், அவர்களின் தொழிலாளர்கள் ஆகியோரின் பாதுகாப்பை அந்நிறுவனம் கவனிக்க வேண்டும். துப்புரவு, பராமரிப்பு, சரக்கு ஏற்றி இறக்குதல் என ஆபத்தான பல வேலைகள் இன்று குத்தகையில் நடப்பதால் இது பெரிய நிறுவனங்களை நேரடியாகத் தொடும் மாற்றம். நிறுவனம் குற்றம் புரிந்தால் இயக்குநர்கள், நிர்வாகிகள் மீதும் வழக்குத் தொடுக்கலாம்.

ஆபத்து உடனடியானது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் அல்லது அவருடைய பிரதிநிதியிடம் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையென்றால், தொழிலாளர் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது. இதில் வரிசை முக்கியம். முதலில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்குச் சான்று இருந்தால் பின்னர் சிக்கல் வராது. நேரமும் இடமும் குறிப்பிட்ட ஒரு வாட்ஸ்அப் செய்தியும் படமும்கூட அத்தகைய சான்றாக உதவும்.

செயற்குழு என்னும் பாலம்

40 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரச் செயற்குழு கட்டாயம். தொழிலாளர் எண்ணிக்கை 100ஐத் தாண்டினால் நிர்வாகத் தரப்பில் குறைந்தது 4 பேரும் தொழிலாளர் தரப்பில் குறைந்தது 4 பேரும் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். பெரிய தொழிற்சாலைகளுக்குத் தகுதி பெற்ற பாதுகாப்பு, சுகாதார அதிகாரியும் தேவை. உலோகம், ரசாயனம், மர வேலை போன்ற துறைகளில் 100 பேருக்கு மேல் இருந்தாலே இந்த விதி பொருந்தும். மற்ற உற்பத்தித் துறைகளில் வரம்பு 500 பேர். அதிகாரி தேவைப்படாத சிறிய இடங்களில் 5 பேர் இருந்தாலே ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும்.

காகிதத்தில் செயற்குழு இருப்பது எளிது. தொழிலாளர் தரப்புப் பிரதிநிதிகளை யார் தேர்ந்தெடுத்தார்கள், இரவு ஷிப்டுக்குப் பிரதிநிதி இருக்கிறாரா, சென்ற கூட்டத்தில் பேசியவற்றில் எத்தனை முடிந்தன ஆகிய மூன்று கேள்விகளைக் கேட்டால் அது உண்மையில் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு புகாரின் எதிரிலும் பொறுப்பாளரின் பெயரும் முடிக்க வேண்டிய தேதியும் இருந்து, அந்தக் குறிப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டால் தொழிலாளர் அடுத்த முறையும் பேசுவார்.

மொழியும் ஒரு தடையாகலாம். ரசாயனக் கலன்களின் எச்சரிக்கை அட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரே கூரையின் கீழ் தமிழரும் நேபாளியரும் வங்காளதேசத்தவரும் மியன்மார் நாட்டவரும் வேலை செய்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் கையொப்பம் வாங்கினால் போதாது. கற்றதைச் செய்து காட்டச் சொன்னால்தான் புரிந்ததா என்பது தெரியும்.

கையுறை கடைசிப் படி

ஆபத்து தெரிந்த பின் என்ன செய்வது என்பதற்கு உலகெங்கும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறார்கள். முடிந்தால் ஆபத்தை அடியோடு நீக்குவது முதல் படி. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ கொண்டுவருவது அடுத்தது. மூன்றாவது, தடுப்பு, காற்றோட்டம் போன்ற பொறியியல் ஏற்பாடு. நான்காவது, வேலை முறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கையுறை, தலைக்கவசம், காது அடைப்பான் ஆகியவை கடைசிப் படி.

எடுத்துக்காட்டாக, தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் கை சிக்கும் ஆபத்து இருந்தால், ‘கவனமாக இருங்கள்’ என்ற பலகை கையைக் காப்பாற்றாது. இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இயங்கும் அமைப்பு காப்பாற்றும். பழுது பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, வேலை செய்பவரே சாவியை வைத்துக்கொள்ளும் முறை காப்பாற்றும். உற்பத்தியை விரைவுபடுத்தத் தடுப்பைக் கழற்றி வைக்கும் பழக்கம் இருந்தால், அதைக் கழற்றியவரோடு விசாரணை முடியக் கூடாது. கழற்றாமல் எட்ட முடியாத உற்பத்தி இலக்கை நிர்ணயித்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

சட்டத்தின்படி செய்ய வேண்டிய எதற்கும் தொழிலாளரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ஆகவே வேலைக்கு அவசியமான பாதுகாப்புக் காலணிக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் பணம் பிடிப்பது தவறு. அதே வேளை, கொடுத்த சாதனத்தை அணிவதும் பாதுகாப்பு உத்தரவுகளைப் பின்பற்றுவதும் தொழிலாளரின் சட்டக் கடமை.

மெதுவாக வரும் கேடு

விபத்து எல்லாருக்கும் தெரியும்படி நடக்கிறது. நோய் அப்படி வருவதில்லை. இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு இதற்குத் தெளிவான சான்று. 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகளின்படி, 8 மணி நேர வேலைக்கு உச்ச வரம்பு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி நேரம், 91 டெசிபலில் 2 மணி நேரம் மட்டுமே. வரம்பைத் தாண்டும் இடங்களில் வேலை செய்வோருக்குச் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் இரைச்சலை அளக்கச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இழந்த செவித்திறன் திரும்பாது.

ரசாயனங்களுக்கும் இது பொருந்தும். அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனம் உடல்நல ஆபத்து மதிப்பீட்டைச் செய்து, அதன் விவரத்தைத் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பாரம் தூக்குவதால் வரும் முதுகுவலி, நீண்ட ஷிப்டின் களைப்பு, வெப்பம், மன உளைச்சல் ஆகியவையும் வேலையிடச் சுகாதாரத்தின் பகுதிகளே. ஆண்டுக்கு ஒரு நாள் நடைப்பயணமும் இலவச ரத்தச் சோதனையும் நல்லவைதான். ஆனால் ஷிப்ட் அட்டவணையையும் பாரத்தின் எடையையும் மாற்றாமல் அவற்றை மட்டும் நடத்தினால் நோயின் காரணம் அப்படியே இருக்கும்.

‘விபத்தில்லா நாட்கள்’ பலகையின் மறுபக்கம்

பல தொழிற்சாலை வாயில்களில் விபத்தில்லா நாட்களின் எண்ணிக்கையைக் காட்டும் பலகை தொங்குகிறது. சில இடங்களில் அதற்குப் போனசும் உண்டு. நோக்கம் நல்லதே. ஆனால் விரலில் அடிபட்டவர் அதைச் சொன்னால் ஒரு பிரிவே போனசை இழக்கும் என்றால், அவர் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார். பலகையில் எண் கூடும். ஆபத்தும் அதே இடத்தில் இருக்கும். அறிவித்த ஆபத்துகள் எத்தனை, மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்று எண்ணும் நிறுவனத்துக்கே உண்மை நிலவரம் தெரியும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவா. 1987இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற பால் ஓ’நீல், முதலீட்டாளர்களிடம் இலாபத்துக்கு முன் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். அடிபட்ட தகவல் விரைவாகத் தலைமையை எட்ட வேண்டும் என்று விதித்தார். அவர் வந்தபோது 100 தொழிலாளருக்கு 1.86ஆக இருந்த, வேலை நாள் இழப்பை ஏற்படுத்தும் காயங்களின் விகிதம், அவர் 2000ஆம் ஆண்டில் விலகியபோது 0.2 ஆகக் குறைந்திருந்தது. அதே காலத்தில் இலாபமும் பெருகியது. அந்நிறுவனத்தின் மெக்சிகோ ஆலை ஒன்றில் புகையால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டபோது, பிரச்சினை அங்கேயே சரிசெய்யப்பட்டது. ஆனால் தலைமையகத்துக்கு உரிய முறையில் அறிவிக்கப்படவில்லை. அதற்காக ஓர் உயர் நிர்வாகியே பதவி இழந்தார்.

விபத்து நேர்ந்தால்

முதலில் சிகிச்சை, உடனே அறிவிப்பு. உயிரிழப்பு, கடுமையான காயம் போன்றவற்றைத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷுக்கு நிறுவனம் விரைவாகத் தெரிவித்து, 7 நாட்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். சொக்சோ என்று பலரும் அழைக்கும் பெர்கேசோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால், கணக்கிடப்படும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடக்க உதவித்தொகையாகக் கிடைக்கும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான வழக்கமான பயணத்தில் நேரும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. உயிரிழந்தவரின் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவித்தொகை வழங்கப்படுகிறது. 2019 ஜனவரி 1ஆம் தேதி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலையிட விபத்துக் காப்புறுதித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். மருத்துவரிடம் காயம் வேலையில் ஏற்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்வதும், எம்.சி., மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்திருப்பதும் அவசியம். சிறிய காயத்தை மறைத்துவிட்டு, அது பெரிதான பின் கோரிக்கை வைப்பவருக்கே சான்று காட்டுவது கடினமாகிறது.

பாதுகாப்புப் புகார் செய்ததற்காகவோ செயற்குழு உறுப்பினராகப் பணியாற்றியதற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது குற்றம் என்று ஓஷா கூறுகிறது. நிறுவனத்துக்குள் பதில் கிடைக்காவிட்டால் தொழிலாளர் டோஷ் அலுவலகத்தில் நேரடியாகப் புகார் செய்யலாம். தொழிற்சங்கம் உள்ள இடங்களில் அதன் வழியாகவும் கொண்டு செல்லலாம். வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சம்பளம், ஓவர்டைம் பற்றிச் சொல்லி அனுப்பும் பெற்றோர், செயற்குழுப் பிரதிநிதி யார் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படியும் சொல்லி அனுப்பலாம்.