மாஸ்கோவுக்குப் போன ஐந்து டன் தராசு

கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்யக் கூடாது என்பது எங்கள் வங்கித் தொழிலில் பாலபாடம். இதே பாடம் இயற்பியலிலும் ஒருமுறை அரங்கேறியிருக்கிறது. நான் பி.காம். ஆசாமி என்பதால் சமன்பாடுகளுக்குப் பயப்படாமல் படிக்கலாம்.

1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் 'ஜீட்டா' என்ற இயந்திரத்தில் அணுக்கரு இணைவு நடந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் வெளிவந்த நியூட்ரான்கள் வெப்பத்தால் நடந்த இணைவிலிருந்து வந்தவை அல்ல என்று சில மாதங்களிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சூடு கண்ட பூனையானார்கள் பிரிட்டிஷ்காரர்கள்.

பத்து வருடம் கழித்து, 1968 ஆகஸ்டில் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி லெவ் ஆர்ட்ஸிமோவிச், தங்கள் டி-3 டோகாமாக்கில் எலெக்ட்ரான் வெப்பநிலை ஒரு கோடி டிகிரி அளவுக்குப் போனது என்றார். மேற்கத்தியர்கள் நம்பவில்லை. அந்த எண் மறைமுகமாகக் கணக்கிட்டது. வேகம் பிடித்த கொஞ்சம் எலெக்ட்ரான்களே மொத்தக் கணக்கையும் ஏமாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். ஆர்ட்ஸிமோவிச் கோபப்படவில்லை. 'நீங்களே வந்து அளந்து பாருங்கள்' என்று பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்தை அழைத்தார். சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததும் அதே மாதம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நிக்கோல் பீக்காக், டெரிக் ராபின்சன், மைக்கேல் ஃபாரஸ்ட் உள்ளிட்ட குழு சுமார் ஐந்து டன் கருவிகளோடு மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் நிறுவனத்துக்குப் போனது. முக்கியமான கருவி ரூபி லேசர்.

லேசர் ஒளி எலெக்ட்ரான்மேல் பட்டால் சிதறும். இதற்கு தாம்சன் சிதறல் என்று பெயர். எலெக்ட்ரான்கள் ஓடும் வேகத்துக்கேற்ப அந்த ஒளியின் நிறம் விரியும். அதிலிருந்து வெப்பநிலை கிடைக்கும். எவ்வளவு ஒளி சிதறியது என்பதிலிருந்து எலெக்ட்ரான் அடர்த்தி கிடைக்கும்.

சிக்கல் இரண்டாவதில்தான். டி-3 மாதிரி பிளாஸ்மாவில் ஒரு கன சென்டிமீட்டரில் பத்து லட்சம் கோடி எலெக்ட்ரான்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும், நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள மூலக்கூறுகளில் இது 25 லட்சத்தில் ஒரு பங்குதான். லட்சம் கோடி ஒளித்துகள்கள் ஒரு சென்டிமீட்டர் கடந்தால் ஆறோ ஏழோ சிதறும். அதிலும் கொஞ்சம்தான் லென்ஸுக்குள் வரும். லென்ஸ் எத்தனை தின்றது, கருவி எத்தனையைத் தவறவிட்டது என்று தெரியாமல் அடர்த்தி சொன்னால் அது குத்துமதிப்பு.

இதற்கு இந்தத் துறையில் உள்ள வழி, நம் எடைக்கல் வழிதான். பிளாஸ்மா இல்லாத கலத்தில் நைட்ரஜன் வாயுவைத் தெரிந்த அழுத்தத்தில் நிரப்பி, அதே லேசரை அதே பாதையில் விடுவார்கள். அழுத்தம் தெரிந்தால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை தெரியும்; ஒரு மூலக்கூறு எவ்வளவு சிதறடிக்கும் என்பதும் தெரியும். இரண்டு அளவுகளையும் வகுத்தால் லென்ஸின் குறையும் கருவியின் குறையும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.

ஒரு வில்லங்கம்: நைட்ரஜனின் ரேலீ சிதறலில் நிறம் மாறாது. ஆகவே சுவரில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளியும் கூடவே சேர்ந்துகொள்ளும். அழுத்தத்தை மாற்றி மாற்றி அளந்து கோடு வரைந்தால், அழுத்தம் பூஜ்யமாகும் இடத்தில் மிஞ்சுவது அந்தத் திருட்டு ஒளி. நிறம் மாறிச் சிதறும் ராமன் சிதறலைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும். நம் சி.வி.ராமன் 1928-ல் கண்டுபிடித்தது இங்கே எடைக்கல்லாக உதவுகிறது! ஜன்னல் கண்ணாடியில் படலம் படியப் படிய எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

முடிவு 1969 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. வெப்பநிலை 100 எலெக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 1 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு கோடி டிகிரி வரை. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் கோடி முதல் முப்பது லட்சம் கோடி வரை. ஒப்பிட முடிந்த இடங்களில் மற்ற அளவீடுகளோடும் ஒத்துப்போனது. ரஷ்யர்கள் சொன்னது சரி.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன், தன் 'மாடல் சி' ஸ்டெல்லரேட்டரையே பிரித்து டோகாமாக்காக மாற்றியது. பிறகு உலகமே அந்தப் பாதையில் போனது. காந்திநகர் அருகே 1989-ல் இயங்கத் தொடங்கிய நம் 'ஆதித்யா'வும் டோகாமாக்தான்.

இதில் என்னைக் கவர்ந்தவர் ஆர்ட்ஸிமோவிச்தான். தன் எண்மேல் நம்பிக்கை இருந்ததால்தான் எதிர்முகாமின் தராசைத் தன் வீட்டுக்குள் விட்டார். புத்தகத்தைத் திறந்து காட்டத் தயங்குபவரின் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் நம்பமாட்டார்.