பாட்டால் கதவு திறந்தவர்

உடப்புசல்லாவை மலைச்சரிவில் வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு மலையகத் தொழிலாளர் வரலாற்றைக் கற்பிக்கும்போது, சட்டங்களையும் வேலைநிறுத்தங்களையும் ஆண்டு வரிசையில் சொல்லிவிடுகிறோம். அந்த வரிசையில் இடம்பெறாது போகும் ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். தாமே பாட்டுக் கட்டி, தாமே மேடையேறிப் பாடி, அவற்றை நூலாக்கியும் தந்த மீனாட்சியம்மாள்தான் அவர்.

தஞ்சை மண்ணிலிருந்து வந்த கோ. நடேசய்யரின் துணைவியார் இவர். நடேசய்யர் 1924ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் கண்டார். 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் வீற்றிருந்தார். அவருடைய பத்திரிகைப் பணியிலும் தொழிற்சங்கப் பணியிலும் அம்மையார் தோளோடு தோள் நின்றார்.

அக்காலத்துத் தோட்டம் எத்தகையது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே கால்வைக்க இயலாது. நடேசய்யரே துணி வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்பர். பத்திரிகை உள்ளே போனாலும், அதைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். விடியற்காலைப் பிரட்டுக்கு நின்று, நாள் முழுதும் கொழுந்து பறித்து, இரவில் லயத்து அறையில் அடுப்பு மூட்டிய பெண்களுள் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு இருந்தது?

பாட்டுக்கோ அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. ஒருமுறை காதில் விழுந்தால் போதும். மலையேறும் கூடையோடு அதுவும் ஏறிவிடும். இதை அறிந்தே மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாரதியின் பாடல்களைப் பாடினார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தாமும் பாடல்கள் இயற்றினார். பெண்கள் மேடையேறுவது அரிதாயிருந்த நாளில், ஒரு பெண்ணின் குரலே பெண்களை அழைத்தது.

1939ஆம் ஆண்டில், அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை வேலை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே 1940இல்தான் அம்மையாரின் பாடல் நூல் வெளிவந்தது. 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்பது அதன் பெயர். பாட்டுப் புத்தகத்துக்கு இடும் பெயரா இது? ஓர் அறிக்கைக்குரிய தலைப்பன்றோ! ஆயின், அறிக்கை எட்டாத காதுகளுக்கு அதன் பொருளை எட்டச் செய்வதே அவர் நோக்கம்.

தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் முன்பே நிறைய இருந்தன. அவற்றுள் பலவற்றைக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் அரிதின் முயன்று தொகுத்தார். அவை பாடியவர் பெயர் அறியாப் பாடல்கள். பட்ட துன்பத்தைச் சொல்லி அழுதவை. மீனாட்சியம்மாளின் பாடல்களோ, அத்துன்பத்தின் காரணத்தைக் கேட்டு, ஒன்றுபடுமாறு அழைத்தவை. ஆசிரியர் பெயரைத் தாங்கி அச்சேறியவை. அழுகையிலிருந்து கேள்விக்கு வந்த அந்த ஓரடியே ஒரு சமுதாயத்தின் பெரும் பயணம்.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியோரின் நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டம் எடுத்ததைச் சட்டம் திருப்பித் தரலாம். மறந்துபோன பாட்டை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டு முதியோர் அறிந்த பாட்டு ஏதேனும் உண்டாயின், இன்றிரவே கேட்டு எழுதி வையுங்கள். அது நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துச் செல்லும் சரித்திரம்.