மாட்டுப் பெட்டி

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு செல்போனின் பொடிப் படங்கள் என் தாயாருக்குப் பிடிபடவில்லை. பெரிய திரையிலாவது பேரன் பேத்திகளின் போட்டோக்களைப் பார்க்கட்டும் என்று என் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியை அதன் முன்னால் உட்கார வைத்தாள்.

“அப்பாயி, இந்த மஞ்சள் அட்டையைத் தொடுங்க. போட்டோ எல்லாம் வரும்.”

அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “அது வேண்டாங் கண்ணு. அது ஆபீஸ்காரங்க கட்டு.”

என் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா காலமான பிறகு, உதவித்தொகைக்காக அம்மா ஓர் ஆபீஸுக்கு இரண்டு வருஷம் நடந்தாள். போகும்போதெல்லாம் ஒரு குமாஸ்தா இதே மாதிரி மஞ்சள் அட்டைக் கட்டு ஒன்றைத் தட்டிக் காட்டி, “உங்க பேப்பர் இதுலதான் இருக்குது, போயிட்டு வாங்க” என்பார். உள்ளே போனது வெளியே வராத இடம் என்பதுதான் அம்மாவுக்கு அந்தப் படத்தின் அர்த்தம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் படத்தை அவள் சரியாகவே வாசித்தாள்!

இந்தப் படம் நம் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? அது ஒரு சுவாரஸ்யமான கதை. 1975இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டேவிட் கான்பீல்டு ஸ்மித் என்ற மாணவர், கம்ப்யூட்டரில் சொல்லுக்குப் பதிலாகச் சித்திரத்தைக் கையாளலாம் என்று ஓர் ஆராய்ச்சி எழுதினார். அந்தச் சித்திரங்களுக்கு அவர் வைத்த பெயர் ‘ஐகான்’. மாதா கோயில்களில் இருக்கும் தெய்வப் படங்களுக்கு வழங்கும் பெயர் அது. 1981இல் ஜெராக்ஸ் கம்பெனி ‘ஸ்டார்’ என்ற யந்திரத்தை வெளியிட்டது. அதன் திரை ஓர் அதிகாரியின் மேஜை மாதிரியே இருந்தது. காகிதம், அட்டைக் கட்டு, வந்த தபால் கூடை, போகிற தபால் கூடை எல்லாம் படங்களாக இருந்தன. ஒரு காகிதத்தின் படத்தை நகர்த்தி ஒரு பெட்டியின் படத்தில் சேர்த்தால் காரியம் நடந்துவிடும். உலகமே வியந்தது.

எனக்கு வியப்பு அதில் இல்லை. என் அம்மாயி அதை இருபத்தொன்பது வருஷங்களுக்கு முன்னாலேயே செய்திருக்கிறாள்!

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951–52இல் நடந்தது. 1951ஆம் வருஷக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். வாக்காளர்களோ 17 கோடிக்கு மேல். தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென்னும் அவருடைய ஆட்களும் ஓர் உபாயம் செய்தார்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு சின்னம். சீட்டில் முத்திரை குத்த வேண்டியதில்லை. மறைவுக்குள் போய், வேண்டிய படம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட வேண்டியதுதான். அதற்காகவே லட்சக்கணக்கான இரும்புப் பெட்டிகள் செய்யப்பட்டன. காங்கிரஸுக்கு நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்டுகளுக்கு ஆலமரம், கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். “மாட்டுப் பெட்டியிலே போட்டேன் சாமி” என்று அம்மாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். 1962 பொதுத்தேர்தலில் பெட்டிப் படங்கள் போய், சின்னங்களெல்லாம் ஒரே சீட்டில் அச்சாகி வந்தன.

சின்னங்களை வரைந்தவர்களில் எம். எஸ். சேத்தி என்ற தேர்தல் கமிஷன் படவரைவாளரை நாம் மறக்கக் கூடாது. கமிஷன் ஊழியர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சாமானிய ஜனங்களின் வீட்டிலும் தெருவிலும் உள்ள சாமான்களாக யோசித்துச் சொல்வார்களாம்; அவர் பென்சிலால் வரைவாராம். 1992இல் அவர் ஓய்வு பெற்றார். 1996இல் நமக்குப் பக்கத்து மொடக்குறிச்சியில் 1033 பேர் வேட்பாளர்களாக நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே தைக்க வேண்டி வந்த கூத்தும் நடந்தது. இப்போது சுயேச்சைகளுக்கான சின்னப் பட்டியலில் கம்ப்யூட்டரே ஒரு படமாக ஏறிவிட்டது!

அமெரிக்காவில் ஸ்டாருக்குப் பின் வந்தது ஆப்பிள் கம்பெனியின் மக்கின்டாஷ், 1984இல். அதன் படங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. அவர் சிற்பக் கலையில் ஈடுபட்டவர், கம்ப்யூட்டர் படித்தவரல்ல. கடையில் கட்டம் போட்ட நோட்டு வாங்கி, குறுக்கே 32, நெடுக்கே 32 என்று 1024 கட்டங்களைக் கறுப்பாக்கியும் வெளுப்பாக விட்டும் கடிகாரம், வெடிகுண்டு, சிரிக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் வரைந்தார். அந்த நோட்டுப் பக்கங்கள் இன்று நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. 1991இல் ஆப்பிள் இன்னொரு சலுகை கொடுத்தது. கம்பெனி தந்த படம் பிடிக்காவிட்டால், நாமே ஒன்று வரைந்து அதன் இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு மற்ற யந்திரங்களிலும் அது சுலபமாயிற்று.

அந்தச் சலுகையைத்தான் என் பெண் கையில் எடுத்துக்கொண்டாள். “அப்பாயிக்குத் தெரிந்த சாமான்களாகவே வரைகிறேன்” என்றாள். போட்டோக்களுக்கு அஞ்சறைப் பெட்டி. பாட்டுக்குக் கோயில் மணி. வெளியூர்ப் பேரனோடு பேசுவதற்குத் திண்ணை. எல்லாப் படங்களுக்கும் ஒரே கனத்தில் கோடு, ஒரே திசையிலிருந்து வெளிச்சம், நாலைந்து வர்ணத்துக்கு மேல் இல்லை. அப்போதுதான் அவை ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரியுமாம். ஆனால் 48 கட்டத்தில் அழகாயிருந்த அஞ்சறைப் பெட்டி, 16 கட்டத்துக்குச் சுருக்கியதும் கரி அப்பிய தோசையாகிவிட்டது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: “இருபத்தொரு புள்ளிக் கோலத்தை அஞ்சு புள்ளியிலே அடைக்க முடியுமா கண்ணு? அஞ்சு புள்ளிக்கு வேற கோலம்.”

அனுபவசாலிகள் கண்டுகொண்ட ரகசியமும் அதுதான். சிறிய படத்தைச் சுருக்கக் கூடாது; புதிதாக வரைய வேண்டும். என் பெண் உள்கிண்ணங்களில் மூன்றை எடுத்துவிட்டு வட்டத்தையும் இரண்டு புள்ளிகளையும் மட்டும் வைத்தாள். பெட்டி பளிச்சென்று தெரிந்தது.

கடைசியில் குப்பைத் தொட்டி. அழித்தவை அதில் போய்க் கிடக்கும், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினாள்.

“குப்பையிலே போட்டதை எவ திரும்ப எடுப்பா?” என்றாள் அம்மா. “வேணுமோ வேண்டாமோன்னு இருக்கறதைப் பரண்மேல போடுவோம். பரணை வரை.”

நாற்பது வருஷங்களாக உலகத்துக் கம்ப்யூட்டர்களில் எத்தனையோ குப்பைத் தொட்டிகள் வரைந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க, ஆபீஸ் மேஜை முன்னால் ஒரு நாளும் உட்காராத ஒருத்தி வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் திரையில் மூங்கில் பரண் ஒன்று இருக்கிறது. மஞ்சள் கட்டு மட்டும் எங்கும் இல்லை. நேற்று மாலை அம்மா தானாகவே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் போட்டோவை எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.